பத்து மீட்டர் கயிறு

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
நிற்காமல் போகிற ஒரே சரக்கு காற்று.
மார்கழி முழுக்கக் கிழக்கிலிருந்து வந்து
பனை ஓலைகளை அடித்துவிட்டு
கணவாய் வழியே கேரளத்துக்குள் போகும்.
காலை ஐந்தே முக்கால்.
கடலை பிடுங்கிய காட்டில்
கயிற்றின் இந்த நுனியில் நான்,
அந்த நுனியில் துப்பு.

பேர் நான் வைத்தது.
அண்ணன் என்னைத் திட்டுகிற வார்த்தையில்
முன்பாதியை வெட்டி எடுத்து
அவளுக்குக் கொடுத்தேன்.
பின்பாதி வீட்டிலேயே கிடக்கிறது.

வந்த புதிதில்
காது இரண்டும் மடிந்து, வயிறு மட்டும் பெருத்து,
ஈரல் வேகிற வாசனைக்கு அழுகிற குட்டி.
ஒரு சதுர மீட்டர் மண்ணை மிதித்து
ஈரல் துணுக்குகளைத் தூவி உள்ளே விட்டேன்.
வெளியே ஒன்றும் கிடைக்காது.
மிதிபட்ட மண்ணுக்கும் மிதிபடாத மண்ணுக்கும்
நடுவில் இருக்கிற வேலியை
மூன்றாம் நாள் மூக்கால் தொட்டாள்.
பிறகு குதிகால் பதிந்த குழிக்கு ஒரு துணுக்கு.
பிறகு ஐந்து குழிக்கு ஒன்று.
ஓடினால் தவறும் என்று
அவளாகவே நடக்கக் கற்றாள்.
நான் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன்.

பால் சங்கத்தில் கொழுப்புப் பார்க்கிறவள் நான்.
என் மூக்குக்குத் தெரிந்தது
புளித்த பால், புளிக்காத பால்.
ஒரு செருப்பு நசுக்கிய அறுகம்புல்
எத்தனை நேரத்துக்கு முன் செத்தது
என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

'பட்டிக்கு எந்தினா படிப்பு?'
செக்போஸ்ட் சுகுமாரன் தினமும் கேட்பார்.
எங்களுக்குப் பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம்.
துப்பு இரண்டு பாஷைக்கும் வாலாட்டுவாள்.
உத்தரவு மட்டும் ஜெர்மன்:
ஸூக்.

இன்று தடம் போட்டவர் அசனார்.
கோட்டுக்கு அந்தப் பக்கம் லாட்டரி விற்கிறவர்.
முந்நூறு அடி, இரண்டு திருப்பம்,
ஒரு தோல் துண்டு, ஒரு மரத்துண்டு, ஒரு துணி.
விழாத சீட்டின் பின்னால் வரைபடம்.
நேராக நடங்க, நிற்காதீங்க, போன் எடுக்காதீங்க
என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

முதல் கோடு சுத்தம். தோல் துண்டு கிடைத்தது,
அதன் முன் படுத்தாள்.
இரண்டாவது கோட்டில், ஒற்றைப் பனை தாண்டி,
வரைபடம் வலது என்றது.
துப்பு இடது என்றாள்.
கயிற்றைப் பிடித்தேன்.
'நோ.'

திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.
ஏழு மாத உழைப்பில்
நான் கொடுத்த முதல் தப்பான பாடம் அது:
மண்ணில் இருப்பதை
என் முகத்தில் தேடவைத்தது.

கை தளர்ந்தது. நானாக விட்டேனா தெரியாது.
பனியில் நனைந்த கயிறு
விரலை எரித்துக்கொண்டு போனது.

நாற்பது அடி. வாய்க்கால் மேடு.
மூன்று முறை வட்டமடித்தாள்,
மூக்கு மண்ணைவிட்டு எழவேயில்லை.
ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்குப் புல் படுத்திருந்தது.
அதன் ஓரம் படுத்து
முன்னங்கால்களுக்கு நடுவே காட்டினாள்:
சுருட்டிய கைக்குட்டை.
காடு முழுக்கப் பனி,
எல்லாமே நனைந்திருந்தது.
இது கொஞ்சம் கூடுதலாக.

அங்கிருந்து தடம் திரும்பவும் பனைக்கு வந்தது.
வலது. மரத்துண்டு. துணி.

ரோட்டோரம் அசனார் டீயோடு நின்றார்.
'நேரேதான் நடந்தேன் கலாமணி,
எங்கேயும் நிக்கல.'
போன் மணி எழுந்தது.
திரையைப் பார்த்தார்,
சட்டைப் பையில் கவிழ்த்துப் போட்டார்.
துப்பு போய்
அவர் செருப்பை மோந்தாள், நிதானமாக,
படித்த பாடத்தைச் சரிபார்க்கிறவள் போல.

தையில் போட்டி.
நடுவருக்கு நேர்கோடு வேண்டும்,
கோணலுக்கு மதிப்பெண் குறையும்.
அது அப்போது.

நோட்டில் எழுதினேன்:
தடத்தின் வயது ஒரு மணி. காற்று கிழக்கு.
கையாள்பவர் தவறு ஒன்று.
பொருட்கள் நான்கு,
நான்கும் கிடைத்தன.